கேத்தி ரீட், கிறிஸ் ரீட்: ஜப்பானுக்காக ஐஸ் டான்ஸ் ஆடிய இருவரைப் பற்றி

பனித்துளி கேட்டது:

பழைய ஒலிம்பிக் காணொளிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள், 2010 வான்கூவரில் ஜப்பானுக்காக ஐஸ் டான்ஸ் (பனிச்சறுக்கில் ஆணும் பெண்ணும் இணைந்து ஆடும் நடனப் பிரிவு) ஆடிய ரீட் ஜோடியிடம் நின்றுவிட்டேன். இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. மூத்தவர் யார்? பெயர் ரீட் என்றிருக்க, ஜப்பான் கொடி எப்படி வந்தது? 17ஆம் இடத்தில் முடித்தவர்களை ஜப்பானிய ரசிகர்கள் இன்றும் இவ்வளவு பாசத்தோடு நினைப்பது ஏன்?

வெள்ளித்தடம் எழுதியது:

கேத்தி அக்கா, 1987இல் பிறந்தவர். கிறிஸ் தம்பி, 1989. இருவரும் பிறந்தது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். அப்பா அமெரிக்கர், அம்மா ஜப்பானியர். முதலில் அமெரிக்காவுக்கு ஆடினார்கள், பிறகு அம்மாவின் நாட்டுக்கு மாறினார்கள். ஜப்பான் தேசியப் பட்டம் ஏழு முறை. வான்கூவரில் அவர்களுடைய கடைசித் தங்கை ஆலிசனும் ஆடினார், ஜார்ஜியா நாட்டுக்காக! ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர், ஒரே போட்டியில் இரண்டு கொடிகள்.

17ஆம் இடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தனிநபர் பிரிவுகளில் ஜப்பான் எப்போதோ உச்சத்தைத் தொட்டுவிட்டது. ஐஸ் டான்ஸில் ஆள் கிடைப்பதே அரிது. 2014 சோச்சியில் குழுப் போட்டி அறிமுகமானபோது, ஆடவர், மகளிர், ஜோடி (இணையைத் தலைக்கு மேல் தூக்கியும் வீசியும் ஆடும் வேறொரு பிரிவு), ஐஸ் டான்ஸ் என நான்கு பிரிவுகளின் புள்ளிகளும் கூட்டப்பட்டன. அந்த நான்காவது தூணாக நின்றவர்கள் இவர்கள்தாம். ஜப்பான் ஐந்தாவதாக வந்தது.

கரைமேல் எழுதியது:

எனக்கொரு தயக்கம். ஐஸ் டான்ஸ் என்றாலே காதல் பாவனைதானே? அக்காவும் தம்பியும் ஆடும்போது அது குறையாகத் தெரியாதா?

வெள்ளித்தடம் எழுதியது:

இல்லை, உறுதியாகச் சொல்கிறேன். 1992இல் பிரான்சுக்கு வெள்ளி வாங்கித் தந்த டுஷ்னே ஜோடியும் உடன்பிறந்தவர்களே. 2018இல் அமெரிக்காவுக்கு வெண்கலம் வென்ற ஷிபுடானி ஜோடியும் அப்படியே. காதல் இல்லையென்றால் கதை வேறு, அவ்வளவுதான்.

நீங்கள் முகத்தை விட்டுவிட்டுக் கால்களைப் பாருங்கள். ட்விசில் என்றொரு அசைவு: ஒற்றைக் காலில் சுழன்றபடியே பனியில் நகர்ந்து போக வேண்டும், இருவரும் ஒரே வேகத்தில், கையைப் பிடிக்காமல். ஒருவர் அரைச் சுற்று பிந்தினால் போதும், கண்ணுக்குப் பட்டுவிடும். நெருங்கி ஆடும்போது ஒருவர் பிளேடு மற்றவர் காலில் சிக்கக் கூடாது என்பதற்காகவே இந்தப் பிரிவின் பிளேடுகளில் பின்பகுதியைக் குட்டையாகச் செய்கிறார்கள். இத்தனை நெருக்கத்தில் நம்பி ஆடுவதற்குச் சிறு வயதிலிருந்து கூடவே வளர்ந்தவரைவிட யார் வேண்டும்?

பனித்துளி எழுதியது:

கேத்தி விலகிய பிறகு கிறிஸ் என்ன செய்தார்?

வெள்ளித்தடம் எழுதியது:

2015இல் அக்கா ஓய்வு பெற்றார். முழங்கால் காயங்களோடு போராடி வந்த கிறிஸ் விட்டுவிடவில்லை. கானா முராமோட்டோ என்ற புதிய இணையோடு முதல் படியிலிருந்து தொடங்கினார். 2018 ஜனவரியில், தைபேயில் நடந்த நான்கு கண்டங்கள் போட்டியில் (ஐரோப்பா அல்லாத நாடுகளுக்கான பனிச்சறுக்குப் போட்டி) வெண்கலம். அந்தப் போட்டியின் ஐஸ் டான்ஸ் பிரிவில் ஆசிய நாட்டு ஜோடி ஒன்று பதக்கம் வாங்கியது அதுவே முதல் முறை. அடுத்த மாதம் பியோங்சாங் ஒலிம்பிக்கில் 15ஆம் இடம். அது அவருக்கு மூன்றாவது ஒலிம்பிக்.

2019 இறுதியில் ஓய்வை அறிவித்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2020 மார்ச்சில் டெட்ராய்ட்டில் திடீரென இதயம் நின்று இறந்துபோனார். வயது 30. அந்தச் செய்தியை நான் மூன்று முறை படித்தேன். பிறந்த ஆண்டைக் கழித்துப் பார்த்து, தவறாக அச்சிட்டிருப்பார்கள் என்றுகூட நினைத்தேன். நீங்கள் கேட்ட பாசத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

கானா பிறகு டைசுகே தகாஹாஷியோடு சேர்ந்தார். வான்கூவரில் ஆடவர் பிரிவில் வெண்கலம் வென்ற அதே தகாஹாஷி, ஐஸ் டான்ஸுக்கு மாறி வந்தார். 2022 நான்கு கண்டங்கள் போட்டியில் இந்த இருவருக்கும் வெள்ளி. பதக்க மேடையில் கானா நின்றதைப் பார்த்தபோது எனக்குத் தைபே மேடைதான் கண்முன் வந்தது, பக்கத்தில் கிறிஸ் நின்ற இடம்.