மீட்டெடுத்துப் பார்க்காத காப்பு நகலை எவ்வளவு நம்பலாம்?

தறிமேடை (கேள்வி)
வணக்கம். நாற்பது பேர் பணிபுரியும் ஒரு வணிக நிறுவனத்தின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நான் ஒருவனே கவனித்து வருகிறேன். தரவின் அளவு ஏறத்தாழ 180 ஜிபி. நாள்தோறும் இரவு 2 மணிக்கு, தரவை ஒரு கோப்பாகப் படியெடுக்கும் பிஜி_டம்ப் என்ற கருவி ஓடி, அதன் கோப்பு வேறொரு சர்வருக்குச் சென்றுவிடுகிறது. முதன்மைச் சர்வரை உடனுக்குடன் பின்தொடரும் ஒரு நகல் சர்வரும் (ரெப்ளிகா) உண்டு. சென்ற வாரம் வந்த தணிக்கையாளர், இந்தக் கோப்பிலிருந்து கடைசியாக எப்போது தரவை மீட்டெடுத்தீர்கள் என்று கேட்டபோது என்னிடம் விடை இல்லை. சோதனைக்கென ஒரு சர்வர் கேட்டால், ரெப்ளிகா இருக்கும்போது அது எதற்கு என்கிறார் மேலாளர். அவரிடம் என்ன சொல்வது? இத்தகைய சோதனையை எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்கிறீர்கள்?

பழைய_பதிவேடு
ரெப்ளிகா என்பது காப்பு நகல் அன்று. முதன்மைச் சர்வரில் யாரேனும் நிபந்தனை எழுத மறந்து ஓர் அட்டவணையை அழித்துவிட்டால், அடுத்த நொடியே ரெப்ளிகாவும் அதே கட்டளையைப் பணிவுடன் நிறைவேற்றிவிடும்.

மேலாளரிடம் 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். பின்தங்கிப்போன ரெப்ளிகாவைப் புதிதாக அமைப்பதற்காக அதன் தரவுக் கோப்புறையை அழிக்க முனைந்த பொறியாளர், தவறுதலாக முதன்மைச் சர்வரில் அந்தக் கட்டளையை இட்டுவிட்டார். ஓரிரு நொடிகளில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் எஞ்சியது 4.5 ஜிபிதான். காப்பு நகலைத் தேடிப் போனால் சேமிப்பகம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பு, அதைப் படியெடுக்க ஓடிய பிஜி_டம்ப் 9.2 பதிப்பு, எனவே அது ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றுபோயிருக்கிறது. அதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டதால் ஒருவருக்கும் செய்தி எட்டவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையின் நகல்) அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போயே போய்விட்டது. இவை அனைத்தையும் அவர்களே மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள் என்பதால்தான் நாம் இன்று அதைப் பற்றிப் பேச முடிகிறது.

நாங்கள் மாதம் ஒருமுறை மீட்டெடுத்துப் பார்க்கிறோம்.

குறியீட்டெண்
மேலே நண்பர் சொன்னதில் எனக்கு உடன்பாடே. ஆனால் மாதம் ஒருமுறை, வாரம் ஒருமுறை என்ற கணக்கைவிட, மீட்டெடுத்தபின் எதைப் பார்க்கிறோம் என்பது முக்கியம். கோப்பு இருக்கிறது, அதன் அளவும் குறையவில்லை என்று பார்ப்பதைச் சோதனை என்று நான் ஏற்க மாட்டேன். போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பில் வந்த, காப்பு நகலைச் சரிபார்க்கும் பிஜி_வெரிஃபைபேக்கப் பயனுள்ள கருவிதான். ஆயினும் அது, சர்வரின் தரவுக் கோப்புகளை அப்படியே நகலெடுக்கும் பிஜி_பேஸ்பேக்கப் எடுத்த நகல்களுக்கு உரியது, டம்ப் கோப்புக்கு உதவாது.

தறிமேடை அவர்களே, உங்கள் டம்ப்பில் ரோல்கள், அதாவது தரவுத்தளப் பயனர் கணக்குகள், இரா. பிஜி_டம்ப் ஒரு தரவுத்தளத்தை மட்டுமே எடுக்கும். பயனர் கணக்குகளும் கடவுச்சொற்களும் கிளஸ்டருக்கு (ஒரே சர்வரில் சேர்ந்து இயங்கும் தரவுத்தளங்களின் தொகுப்புக்கு) பொதுவானவை என்பதால் அவற்றைப் பிஜி_டம்ப்ஆல் (pg_dumpall) என்ற கருவியைக் கொண்டு தனியே எடுத்து வைக்க வேண்டும். மீட்டெடுத்தவுடன், அட்டவணைகளின் புள்ளிவிவரத்தைத் திரட்டும் அனலைஸ் கட்டளையையும் ஓட்டுங்கள். புள்ளிவிவரம் இல்லாத அட்டவணைகளில் வினவல்கள் தவழ்வதைக் கண்டு, தரவே கெட்டுவிட்டதோ என்று ஒருமுறை நான் விடிய விடியத் தேடியிருக்கிறேன். இரவில் ஒரே ஒரு டம்ப் என்றால், மாலையில் விபத்து நேரும்போது அன்றைய பகல் முழுவதும் இழப்புதான். அதை நிறுவனம் தாங்காது என்றால் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும் வால் (WAL) கோப்புகளைத் தொடர்ந்து சேமிக்கும் முறைக்கு மாறுவது நல்லது.

இன்னொன்று: சோதனைச் சர்வரிலும் உங்கள் வாடிக்கையாளர்களின் உண்மையான தொலைபேசி எண்கள் இருக்கும். அதை எல்லோருக்கும் திறந்து வைத்துவிடாதீர்கள்.

தறிமேடை
இருவருக்கும் நன்றி. சனிக்கிழமை இரவு, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய மேசைக் கணினியில் டிஸ்க் ஒன்றை மாட்டி முயன்று பார்த்தேன். குறியீட்டெண் அவர்கள் சொன்னபடியே, ரோல் இல்லை என்ற பிழைச்செய்தி வரிசையாக வந்தது. தரவு முழுவதும் ஏறியும் எங்கள் பில்லிங் மென்பொருளால் உள்ளே நுழைய முடியவில்லை. ரோல்களைக் கையால் உருவாக்கி முடித்தபோது மொத்தம் 3 மணி 40 நிமிடம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை கிட்லேப் கதையை மேலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவரை அசைத்தது அந்த 3 மணி 40 நிமிடம்தான். அவ்வளவு நேரம் பில் போட முடியாதா என்று இருமுறை கேட்டுவிட்டு, சர்வருக்கு ஒப்புதல் கொடுத்தார்.

பழைய_பதிவேடு அவர்களின் மறுமொழியைப் படித்தபின், எங்கள் டம்ப் தோல்வியுற்றால் அறிவிப்பு யாருக்குப் போகிறது என்றும் பார்த்தேன். ஈராண்டுகளுக்கு முன் பணியை விட்டுச் சென்றவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இன்று மாற்றிவிட்டேன்.