கை ஓங்காமல் வீடு திரும்பிய கதைகள்

பெரம்பூரிலிருந்து:

சிலம்பம் பழகுகிறேன் என்றால் உடனே, "எத்தனை பேரைச் சமாளிப்பாய்?" என்று கேட்கிறார்கள். நெற்றி உயரக் கம்பைத் தூக்கிக்கொண்டு யார் மாநகரப் பேருந்தில் ஏறுகிறார்கள்? எங்கள் ஆசான் முதலில் கற்றுக்கொடுத்தது காலடி வைக்கும் முறையைத்தான். கம்பு வெகுநாள் கழித்துத்தான் கைக்கு வந்தது.

அந்தக் காலடி உதவியது புரசைவாக்கத்தில், வண்டி நிறுத்தும் தகராறில். குடித்திருந்த ஒருவர் திட்டிக்கொண்டே நெருங்கினார். அடிக்கப் போகிறவரின் வாயைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள். அவருடைய வலது தோள் மெல்லப் பின்னால் போனது. கண் ஒருமுறை சுற்றுமுற்றும் ஓடியது. அதுவரை கொட்டிய வசவு சட்டென்று நின்றது. நான் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மார்புக்கு நேரே வைத்துக்கொண்டு, "சரி அண்ணா, வண்டியை எடுத்துவிடுகிறேன்" என்றேன். பார்ப்பவர்களுக்கு அது கெஞ்சல். ஆனால் முகத்தைக் காக்க வேண்டிய கைகள் ஏற்கெனவே மேலே வந்துவிட்டன. பேசியபடியே சாய்வாக ஓரடி வைத்தேன், நடுவில் என் ஸ்கூட்டர் வந்துவிட்டது. சுற்றி வந்து அடிக்க அவருக்குப் பொறுமை இல்லை. என் அம்மாவை இழுத்து இரண்டு வார்த்தை சொன்னார், நான் கிளம்பிவிட்டேன். "இவ்வளவு பழகி என்ன பிரயோஜனம்?" என்று என் தம்பி இன்றும் கேலி செய்கிறான். செய்யட்டும்.

வியாசர்பாடியிலிருந்து:

பெரம்பூர் அண்ணன் கை ஓங்காதது சரி. நான் குத்துச்சண்டைக்காரன். கையுறையும் கைக்கட்டும் இல்லாமல் மண்டையில் குத்தினால் பெரும்பாலும் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள நம் எலும்புதான் முறியும். வேறு வழியே இல்லையென்றால் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளிவிட்டு ஓடுங்கள். கத்தி தெரிந்தால் தள்ளவும் வேண்டாம், ஓட்டம்தான்.

குரோம்பேட்டையிலிருந்து:

நான் ஜூடோ கற்றவள். யாரையும் இதுவரை தூக்கி எறியவில்லை. விழப் பழகியது மட்டும் மழைநாளில் ரயில் நிலையப் படிக்கட்டில் என் தலையைக் காப்பாற்றியது. தாம்பரம் மின்சார ரயிலில் ஒருவன் உரசியபோது நான் பயன்படுத்தியது குரலைத்தான்: "நீலச் சட்டைக்காரரே, கையை எடுங்கள்!" சட்டையின் நிறத்தைச் சொன்னதும் பெட்டியே அவனைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டான். ரயிலில் 139 என்ற உதவி எண் இருக்கிறது, பெண்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உயர் நீதிமன்றம் பக்கமிருந்து ஒரு வழக்கறிஞர்:

தற்காப்பு உரிமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் அடித்தால் அந்த உரிமை துணைக்கு வராது. கீழே விழுந்தவனை மிதித்தால், ஓடுகிறவனைத் துரத்தி அடித்தால், நீங்கள்தான் குற்றவாளி.

பெரம்பூரிலிருந்து:

ஐயா, ஓடி வந்த பிறகு எதிராளி முந்திப் போய்ப் புகார் கொடுத்துவிட்டால்?

வழக்கறிஞர்:

அதனால்தான் நீங்கள் முந்த வேண்டும். பத்திரமான இடத்துக்கு வந்ததும் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். சிராய்ப்பாக இருந்தாலும் அன்றே அரசு மருத்துவமனையில் காட்டி, விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால் பதிவு அழிவதற்குள் காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.