நியூகிரேஞ்சின் வெள்ளைச் சுவர்: அகழ்ந்து கண்டதா, கட்டிக்கொண்டதா?

செங்கல்சூளை:
அயர்லாந்தில் பாய்ன் ஆற்றின் வளைவில் உள்ள நியூகிரேஞ்ச் ஈமமேடு ஏறத்தாழ கி.மு. 3200இல் எழுப்பப்பட்டது. ஆனால் பயணிகள் போட்டி போட்டுக்கொண்டு படமெடுக்கும் அதன் வெள்ளை முகப்புக்கு வயது ஐம்பது சொச்சம்தான். நம் ஊர்க் காடுகளில் வெங்கச்சங்கல் என்போமே, அந்த வெண்படிகக்கல்தான் அது. 1962 முதல் 1975 வரை அங்கே அகழாய்வு நடத்திய மைக்கேல் ஓ'கெல்லி, மேட்டின் விளிம்புக்கற்களுக்கு வெளியே தரையில் பரவிக் கிடந்த இந்தக் கற்கள் நின்ற சுவரிலிருந்து சரிந்தவை என்று முடிவு செய்தார். அவருடைய கருத்துப்படியே, பின்னால் கம்பி போட்ட கான்கிரீட் கொடுத்து, சுவர் ஏறத்தாழச் செங்குத்தாக எழுப்பப்பட்டது. திருப்பணி என்ற பெயரில் பழைய கோயில் தரையில் பளபளக்கும் கிரானைட் பதிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பாய்மரம்:
வேறுபாடு உண்டு, ஐயா. ஓ'கெல்லி மனம்போன போக்கில் கட்டச் சொல்லவில்லை. மாதிரிச் சுவர் ஒன்றை எழுப்பிச் சரியவிட்டு, அது விழுந்த விதத்தைத் தாம் கண்ட கல்லடுக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வந்தார். அவருடைய கண் எத்தகையது என்பதற்கு வாயிலுக்கு மேலுள்ள சிறு சாளரமே சான்று. ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டி, 1967 டிசம்பர் 21 அன்று விடியுமுன் உள்ளறையில் காத்திருந்தபோது, அந்தச் சாளரம் வழியாக நுழைந்த வெயில் மெல்லிய கோடாகத் தொடங்கி, 19 மீட்டர் நடைவழியைக் கடந்து, அறையின் தரையைத் தொட்டு அகலமானதை அவர் கண்டார். கூரைப் பலகைக்கற்களின் இடுக்குகளில் கருகிய மண்ணையும் கடல்மணலையும் திணித்து, மழைநீர் வடியக் கல்லிலேயே பள்ளம் செதுக்கியிருந்ததைக் கண்டறிந்தவரும் அவரே. அத்தனை நுணுக்கமான தச்சர்களுக்கு ஒரு சுவர் பெரிய காரியமா?

செங்கல்சூளை:
கூரை ஒழுகாததற்கும் சுவர் செங்குத்தாக நின்றதற்கும் என்ன தொடர்பு? அதே ஆற்று வளைவில் உள்ள நௌத் மேட்டைத் தோண்டிய ஜார்ஜ் ஓகன், வாயில்களுக்கு முன்னால் அதே வெண்படிகக்கல்லைக் கண்டார். அது தரையில் பாவப்பட்ட தளம் என்றே அவர் கொண்டார். ஒரே பள்ளத்தாக்கு, ஒரே காலம், தெற்கே விக்லோ மலைப்பக்கத்திலிருந்து சுமந்துவந்த ஒரே கல். ஓரிடத்தில் சுவராகவும் இன்னோரிடத்தில் முற்றமாகவும் அதைப் படித்தார்கள் என்றால், குறைந்தது ஒரு வாசிப்பையாவது கான்கிரீட்டில் இறுக்காமல் விட்டிருக்கலாம். கான்கிரீட் இல்லாமல் அந்தச் சரிவில் அது எத்தனை நாள் நின்றிருக்கும் என்ற கேள்விக்கு இதுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

ஈரமண்:
இருவரும் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சுற்றியுள்ள நிலத்தை யாரும் பார்க்கவில்லை. 2018 ஜூலையில் மழை பொய்த்துப் பயிர் வாடியபோது, நியூகிரேஞ்சுக்கு அருகில் உள்ள வயலின் மேல் பறந்த ட்ரோனின் படத்தில் அதுவரை அறியப்படாத ஒரு பெரிய வட்டம் தெரிந்தது. பண்டைக் குழிகளில் நிரம்பிய மண் ஈரத்தைப் பிடித்துவைத்திருந்ததால், அவற்றின் மேல் நின்ற பயிர் மட்டும் பச்சையாக இருந்தது. ஒரு மண்வெட்டி கூடப் படவில்லை. 1847-48இல், அதே ஆற்று வளைவில் உள்ள இன்னொரு ஈமமேடான டௌத் மேட்டை அவசர அவசரமாகத் தோண்டியவர்கள் அதன் உச்சியில் விட்டுச்சென்ற பெரும்பள்ளம் இன்றும் அப்படியே இருக்கிறது. எனவே, தோண்டாமல் விட்டதைத் தொடாதீர்கள் என்பதே என் கட்சி.

பாய்மரம்:
வானிலிருந்து வட்டத்தைப் பார்க்கலாம், ஈரமண். அதன் காலத்தைப் பார்க்க முடியாது. நியூகிரேஞ்சின் வயது தெரிந்ததே நான் சொன்ன அந்தக் கூரையிடுக்குக் கருகலைக் கரிமக் காலக் கணிப்புக்கு அனுப்பியதால்தான். அதைத் தோண்டாமல் எடுத்திருக்க முடியுமா? சுவர் குறித்துச் செங்கல்சூளை சொன்னதில் பாதியை ஏற்கிறேன்: நௌத்தின் சான்று வலுவானது, ஓ'கெல்லியின் சோதனை, கல் சரிந்திருக்கலாம் என்பதைக் காட்டுகிறதே அன்றி, பாவப்பட்டிருக்க முடியாது என்பதைக் காட்டவில்லை.

செங்கல்சூளை:
சுவரை இடிக்கச் சொல்லி நான் வரவில்லை. இடித்தால் கான்கிரீட்டோடு சேர்ந்து அதன் பின்னாலுள்ள பழைய கற்குவையும் கலையும்.

ஈரமண்:
அப்படியானால் அந்த வட்டத்தில் ஒரே ஒரு குறுகிய குழி வெட்டிக் கரித்துண்டு தேடட்டும். அதற்கு நானும் சம்மதிக்கிறேன். மீதி வட்டம் பயிருக்கடியிலேயே கிடக்கட்டும்.