கோழிக்கூண்டில் தேவதூதன்: எலிசெண்டா செய்தது நியாயமா?

கடற்காகம்:
கொலம்பிய எழுத்தாளர் கேப்ரியல் கார்சியா மார்க்கேஸ் 1968-ல் எழுதிய, பெரிய சிறகுகளோடு வரும் கிழவரின் கதையை நேற்று மூன்றாவது முறையாகப் படித்தேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: விடாத மழை, வீட்டுக்குள் நண்டுகள், குழந்தைக்குக் காய்ச்சல். செத்த நண்டுகளைக் கடலில் கொட்டிவிட்டுத் திரும்பும் பெலாயோ, முற்றத்துச் சேற்றில் சிறகுள்ள ஒரு கிழவர் குப்புறக் கிடப்பதைப் பார்க்கிறான். தேவதூதன் என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. அவ்வளவுதான், பெலாயோ அவரைக் கோழிக்கூண்டில் அடைக்க, தலைக்கு ஐந்து காசு என்று வசூலிக்க ஆரம்பித்துவிடுகிறாள் பெலாயோவின் மனைவி எலிசெண்டா. அந்தப் பணத்தில் மாடி வீடு எழும்புகிறது, அவன் அமீனா வேலையை விட்டுவிட்டு முயல் வளர்க்கிறான், அவளுக்குப் பட்டு உடுப்பு வருகிறது, கோழிக்கூண்டை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. புது வீட்டில் நண்டு நுழையாமல் இருக்கத் தடுப்பு, தேவதூதர்கள் நுழையாமல் இருக்க ஜன்னலுக்கு இரும்புக் கம்பி! அந்தக் கம்பியைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாய யதார்த்தம் (அற்புதத்தை அன்றாட விஷயம் போலச் சொல்கிற எழுத்துமுறை) அது இது என்று நாம் சிறகைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், கதையோ நன்றிகெட்டதனத்தைப் பற்றியது.

வெங்காயச்சருகு:
பாதிக் கதையை மறைத்துவிட்டீர்கள். அடித்துக் கொன்றுவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது அவர்களுக்கு மனசு வரவில்லை. ஒரு தெப்பத்தில் மூன்று நாளைக்குத் தண்ணீரும் சாப்பாடும் வைத்துக் கடலில் அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். விடிந்து பார்த்தால் ஊரே கூண்டைச் சுற்றி நின்று தின்பண்டம் எறிந்து விளையாடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் எத்தனை வருஷம் அந்தக் கிழவர் அந்த வீட்டிலேயே இருந்தார் என்பதையும் பாருங்கள், குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகிற வரைக்கும். கடைசியில் அவர் பறந்து போகும்போது, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த எலிசெண்டா நிம்மதியாக ஒரு மூச்சு விடுகிறாள், தனக்காகவும் அவருக்காகவும். நாலு வருஷம் படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் நான். அந்த மூச்சு எனக்குத் தெரியும். அதைக் குறை என்று சொல்லாதீர்கள்.

கடற்காகம்:
வருத்தமாக இருக்கிறது மேடம், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. நீங்கள் அப்பாவைக் காட்டி யாரிடமும் காசு வாங்கவில்லையே.

சும்மாபடிப்பவன்:
நீங்கள் இரண்டு பேருமே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த கூட்டத்தை விட்டுவிட்டீர்கள். அவர் அசையவில்லை என்று மாட்டுக்குச் சூடு போடும் இரும்பைப் பழுக்கவைத்து விலாவில் வைத்தது அந்தக் கூட்டம்தானே? அற்புதம் நடக்காமலும் இல்லை. குருடனுக்குப் பார்வை வரவில்லை, மூன்று புதுப் பல் முளைத்தது. தொழுநோயாளியின் புண்ணில் சூரியகாந்தி பூத்தது. எனக்கு அது பெரிய அற்புதம், கூட்டத்துக்கு அது போதவில்லை. பெற்றோர் பேச்சைக் கேட்காமல் ஆடப் போனதால் சிலந்தியாகிவிட்ட பெண் என்று ஒரு காட்சி ஊருக்குள் வந்ததும் அத்தனை பேரும் அங்கே ஓடிவிட்டார்கள். அதில் நீதி இருந்தது, டிக்கெட்டும் மலிவு. (இவர் தேவதூதன்தானா என்று கேட்டெழுதிய ஊர்ப் பாதிரியாருக்கு ரோமாபுரியிலிருந்து வரும் கடிதங்கள் இன்னும் மோசம். அவருக்குத் தொப்புள் இருக்கிறதா, வெறும் சிறகு முளைத்த நார்வேக்காரரா என்றெல்லாம் விசாரிப்பார்கள்!)

எனக்கு எட்டு வயசில் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு ஐந்து கால் மாடு வந்தது. முதுகில் பட்டுத்துணி, நெற்றியில் பொட்டு. எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் அந்த ஐந்தாவது காலை நறுக்கென்று கிள்ளினேன், நிஜமா என்று பார்க்க. மாடு திரும்பி என்னைப் பார்த்தது. சூடு வைக்கிற இடம் வரும்போதெல்லாம் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிடுவேன்.

வெங்காயச்சருகு:
கடற்காகம், காசு வாங்கவில்லை என்று யார் சொன்னது? வீட்டுக் கடன் தவணை அப்பாவின் பென்ஷனில்தான் போய்க்கொண்டிருந்தது. நவம்பர் வந்தால் லைஃப் சர்டிபிகேட்டுக்காக அவரைத் தூக்கி உட்கார வைத்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுவிடுவோம். மற்ற பதினோரு மாதமும் அந்தச் சட்டையை யாரும் எடுத்ததில்லை. அவருக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் எனக்கு முதலில் தவணைதான் ஞாபகம் வரும், அதற்கப்புறம்தான் அப்பா. ஆனாலும் கஞ்சி கரைத்து ஊட்டினேன், புண்ணுக்கு மருந்து போட்டேன். இதில் எது அன்பு, எது கணக்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, நீங்கள் எலிசெண்டாவுக்குப் பிரித்துவிட்டீர்கள்.

கடற்காகம்:
சரி, அவசரப்பட்டுத்தான் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். ஆனாலும் அந்த ஜன்னல் கம்பிக்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை. கஷ்டம், சலிப்பு எல்லாம் புரிகிறது. இனி ஒருத்தரும் வந்துவிடக்கூடாது என்று கம்பி போடுவதற்கு என்ன சமாதானம்?

வெங்காயச்சருகு:
சமாதானம் ஒன்றும் இல்லை. அப்பாவின் காரியம் முடிந்த அன்றைக்கே அவர் கிடந்த கட்டிலைப் பழைய சாமான்காரருக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல தேக்குக் கட்டில், இருநூறு ரூபாய்க்கு. மாமியாருக்கு அப்போது எழுபத்தாறு வயசு.