மாடி வீட்டில் 5 அடி மீன் தொட்டி: எந்தச் சுவரோரம் வைப்பது?

காட்பாடி கெண்டை:
வீடு காட்பாடியில், 2010ல் கட்டிய ஆர்.சி.சி. தளம். கீழ் வீட்டில் 12க்கு 18 அடியில் ஒரே ஹால், நடுவில் பீம் இல்லை. மாடியில் அதே அளவை நாலரை இஞ்ச் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருக்கிறோம்: 12க்கு 11 ஹால், மீதி பூஜை அறை. அந்தத் தடுப்புச் சுவரோரம் 5×2×2 அடி தொட்டியும் அடியில் சம்ப்பும் (தண்ணீரை வடிகட்டித் திருப்பி ஏற்றும் சிறு தொட்டி) வைக்க எண்ணம். தொட்டி செய்பவர், "ஸ்டாண்ட் ஸ்ட்ராங்கா இருந்தா ஒண்ணும் ஆவாது" என்கிறார். சரிதானா?

கம்பிகட்டு:
அந்த இடம் மட்டும் வேண்டாம் சார். கணக்கைப் பாருங்கள். விளிம்புக்கு 2 இஞ்ச் விட்டு நிரப்பினால் தண்ணீர் 520 கிலோ. 12 எம்.எம். கண்ணாடி 105, மணல் கல் 80, ஸ்டாண்டும் காலி சம்ப்பும் 80, சம்ப் தண்ணீர் 70. ஆக சுமார் 850 கிலோ, 10 சதுர அடியில். சதுர மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டுகிறது. ஐ.எஸ். 875ல் (கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை) குடியிருப்பு அறைக்கு எடுக்கும் நகரும் சுமை, அதாவது ஆட்கள், சாமான்களின் பாரம், சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுதான். அது அறை முழுக்கப் பரவிய கணக்கு என்பதால் உடனே தளம் விழுந்துவிடாது. ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மேலே சுவர் இருப்பதால் அந்த இடம் பலமென்று நினைப்பதுதான் பெரிய ஏமாற்று. நேர் கீழே சுவரோ பீமோ இல்லாத தடுப்புச் சுவர், தளத்துக்குத் தாங்கல் இல்லை, பாரம். 10 அடி உயர நாலரை இஞ்ச் சுவர் பூச்சோடு சேர்த்து ஒரு மீட்டர் நீளத்துக்கு 700 கிலோவுக்குக் குறையாது. அதைச் சுமக்கும் கம்பிகளிலேயே தொட்டியையும் ஏற்றப் போகிறீர்கள். போதாததற்கு, மெயின் கம்பி 12 அடி வாக்கில் ஓடும். உங்கள் சுவரும் அதே வாக்கு. தொட்டி கம்பிக்கு இணையாக உட்கார்ந்தால் நாலைந்து கம்பிதான் தாங்கும்.

18 அடி வெளிச்சுவர் கீழிருந்தே 9 இஞ்சாக வருகிறதா? அதன் ஓரம் வையுங்கள். தொட்டி கம்பிகளுக்குக் குறுக்கே விழும், நிறைய கம்பி பங்கு போட்டுக்கொள்ளும். பாரத்தின் மையம் சுவரிலிருந்து ஒன்றேகால் அடியில் இருப்பதால் வளைவு விசையும் தடுப்புச் சுவரோரம் வருவதில் பாதிகூட வராது.

பால்கனி, சன்ஷேட் பக்கம் போகவே வேண்டாம். மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் மரச்சட்டத்தின் நிலை தெரியாமல் இந்த அளவு தொட்டியே கூடாது. கீழ் வீட்டுச் சீலிங்கில் விரிசலோ, பூச்சு உதிர்ந்து துருக்கம்பியோ தெரிந்தால் முதலில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

சிலிக்கான் தாத்தா:
மேலே சொன்னது சரி. ஸ்டாண்டைப் பற்றி நான். ஆறு கால் வைத்தால் ஒரு காலுக்கு 140 கிலோ, 2 இஞ்ச் பைப் முனை வழியாக டைலில் இறங்கும். டைலை நாணயத்தால் தட்டுங்கள். பொள்ளென்று கேட்டால் அடியில் கலவை இல்லை, கால் பட்ட இடத்தில் விரியும். காலை நேரே தரையில் விடாமல், அடியிலும் முழுச் சட்டம் போட்டு 18 எம்.எம். மரைன் பிளைவுட் மேல் உட்கார வையுங்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே தெர்மாகோல் அல்லது ஈ.வி.ஏ. ஷீட் (மெத்தென்ற ஃபோம் தாள்).

ரசமட்டம் காலியாக இருக்கும்போது சரியாகக் காட்டும், நிரப்பினால் மாறும். அதனால் கால் பங்கு ஊற்றி ஒரு நாள் விடுங்கள், மறுபடி பாருங்கள், பிறகு அடுத்த கால். மணல் கல் கடைசியில். கான்கிரீட் மாசக்கணக்கில் மெல்ல இறங்கும் என்பதால் முதல் மாசம் முடிந்ததும், ஆறாம் மாசமும் மட்டம் பார்க்கணும். ஒரு மூலை இறங்கினால் முறுக்கு சிலிக்கான் ஒட்டில்தான் விழும், அங்கேதான் கசியும்.

2021 கடைசியில் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பூமி ஆடியது ஞாபகம் இருக்கட்டும். ஸ்டாண்ட் இரண்டரை அடிக்கு மேல் போகாமல், இரண்டு ஆங்கிள் போட்டு சுவரோடு போல்ட் பண்ணுங்கள். தொட்டியை அல்ல, ஸ்டாண்டை.

காட்பாடி கெண்டை:
நன்றி. வெளிச்சுவர் 9 இஞ்ச்தான், அங்கேயே வைக்கிறேன். கீழ் வீட்டுக்காரங்க தண்ணி ஒழுகுமோன்னு பயப்படுறாங்க.

பம்ப் பைத்தியம்:
பயம் நியாயம். தொட்டி உடைந்தால் உங்கள் ஹால் முழுக்க ஒன்றரை இஞ்சுக்கு மேல் தண்ணீர், அது தளத்தில் பதித்த ஒயர் பைப் வழியாகக் கீழ் வீட்டு ஃபேன் பாக்ஸில் வடியும். ஆனால் உடைவதைவிட அடிக்கடி நடப்பது கரண்ட் போனதும் சம்ப் வழிவது. இந்தத் தொட்டியில் ஒரு இஞ்ச் என்றால் 23 லிட்டர். சம்ப்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ரிட்டர்ன் பைப்பின் வாய் 3 இஞ்ச் ஆழத்தில் இருந்தால், பம்ப் நின்றதும் அதன் வழியாகவே 70 லிட்டர் திரும்பி இறங்கும். வாயை ஒரு இஞ்சுக்குள் வையுங்கள், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் 4 எம்.எம். துளை போடுங்கள்; மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து தண்ணீர் திரும்புவது நிற்கும். நம்ம ஊர் போர் தண்ணி உப்பு படிந்து துளை அடைக்கும், மாசம் ஒருமுறை ஊசியால் குத்தணும். மீன் விடும் முன் மெயினை அணைத்து, சம்ப் எதுவரை ஏறுகிறதென்று மார்க்கரில் கோடு போட்டு, ஓடும்போது அதற்கு ஏற்ற காலி இடம் விடுங்கள்.

ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், சொட்டு பிளக்குக்குள் போகாது. மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம்.