ஜெர்மன் பேசிப் பழகிய அனுபவம்: துணையோடும் தனியாகவும்

செவிலியர் வேலைக்காக ஜெர்மன் படிப்பவர்களில் பலர், கோதே நிறுவனம் நடத்தும் பி1 என்ற இடைநிலை ஜெர்மன் தேர்வின் மற்ற மூன்று பகுதிகளையும் முடித்துவிட்டுப் பேச்சுக்கு மட்டும் மறுபடி பணம் கட்டுகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. அதில் இருவராக உட்கார வைத்து, ஒரு விஷயத்தைச் சேர்ந்து திட்டமிடச் சொல்வார்கள். பிறகு ஒருவர் ஒரு தலைப்பில் பேச, மற்றவர் கருத்துச் சொல்லிக் கேள்வி கேட்க வேண்டும். 100க்கு 60 எடுத்தால்தான் தேர்ச்சி. எதிரே இருப்பவர் சொல்வதைக் காதில் வாங்காமல் மனப்பாடத்தை ஒப்பிப்பவருக்கு அங்கே வழியே இல்லை.

எனக்குத் துணையாகக் கிடைத்தவர், ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் மாணவி. அரை மணி நேரம் ஜெர்மன், அரை மணி நேரம் தமிழ் என்று கடிகாரம் பார்த்து மாற்றிக்கொள்வோம். இந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் யாருக்கு எது சரளமோ அதுவே முழு நேரத்தையும் விழுங்கிவிடும். அவர் ழகரத்தோடு போராடினார். எனக்கு மேலே இரண்டு புள்ளி வைத்த ஜெர்மன் 'உ' பிடிபடவில்லை. "உதட்டை 'ஊ' சொல்வதுபோலக் குவித்து, அப்படியே 'ஈ' சொல்லுங்கள்" என்றார். எந்தப் பாடநூலும் எனக்கு அதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. நடுவில் குறுக்கிடாமல், திருத்தங்களைக் கடைசியில் மொத்தமாகச் சொல்லும்படி கேட்டிருந்தேன். அதனால்தான் தயங்காமல் பேச முடிந்தது.

அவரோடு பேசுவது வாரம் ஒரு முறைதான். மற்ற நாட்களில் தனியாகப் பேசினேன். ஜெர்மனியின் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லே, மெதுவாக வாசிக்கும் செய்தியை எழுத்து வடிவத்தோடு வெளியிடுகிறது. அதைக் கேட்டபடியே ஒரு நொடி பின்தங்கி, கூடவே வாய்விட்டுச் சொல்வேன். பிறகு அன்று வார்டில் செய்த வேலைகளை ஜெர்மனில் சொல்லிப் பதிவு செய்து கேட்பேன். 'வைல்' ('ஏனென்றால்') போட்டுக் காரணம் சொல்லும்போது வினை கடைசிக்குப் போகும் அல்லவா, தமிழருக்கு அது பழகிய இடம். "ஆர்பைட்டன் முஸ்", "வேலை செய்ய வேண்டும்": வரிசை அப்படியே பொருந்துகிறது. தனியாக உரக்கச் சொல்லிப் பார்த்தபோதுதான் இது எனக்குப் பிடிபட்டது.

---

அக்கா, நான் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்னதெல்லாம் சரி, ஆனால் செய்தி வாசிப்பவரின் ஜெர்மனை மட்டும் கேட்டுவிட்டு இங்கே வராதீர்கள். பாட்டிமார் பேசுவது சுவாபிய வட்டார மொழி. காலையில் சாப்பிடும் சிறு ரொட்டிக்கு வகுப்பில் 'ப்ரோட்ஷன்' என்று படித்தோம். இவர்கள் 'வெக்லே' என்கிறார்கள். "இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள்" என்பதைப் பணிவாகக் கேட்கும் வாக்கியத்தைத் தூக்கத்திலும் வரும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்டதற்காக இங்கே யாரும் என்மேல் கோபப்பட்டதில்லை. கேட்காமல் தலையாட்டினால் மருந்து விஷயத்தில் ஆபத்து.

---

நான் பி1க்கு அடுத்த நிலையான பி2வுக்குப் படிக்கிறேன். அதன் பேச்சுப் பகுதியில் ஒரு கேள்வியை எடுத்து இருவரும் விவாதிக்க வேண்டும். துணை கிடைக்காத நாட்களில் இரண்டு பக்கமும் நானே பேசுகிறேன்: வயதானவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு முறை, கூடாது என்று மறுமுறை. எனக்கு உடன்பாடில்லாத பக்கத்துக்கு வாதாடும்போதுதான் புதிய சொற்களைத் தேட வேண்டியிருக்கிறது. மாலை நேரங்களில் என்னோடு விவாதிக்க யாராவது தயாரா?