பழைய செம்புத்தகட்டு பிரிண்ட், வெனிஸா லண்டனான்னு தெரியல

வணக்கம் மக்களே, இத்தாலியில பொலோன்யாவுல ஒரு பழைய பேப்பர் கடையில போன மாசம் ஒரு பிரிண்ட் (செம்புத்தகட்டுல செதுக்கி அச்சடிச்ச புத்தகப் படம்) வாங்குனேன், அது எந்த பதிப்புல இருந்து கிழிச்சதுன்னு தெரியாம மாட்டிக்கிட்டேன்.

படம் இதுதான்: பாறையில கட்டிப்போட்ட பெண்ணு, கடல் பூதம், மேல சிறகு வச்ச குதிரையில ஒரு வீரன். இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோ எழுதுன ஒர்லாந்தோ ஃபுரியோசோங்கற காவியத்துல 10-வது காண்டம், அதுல டவுட் இல்ல. முன்னாடி ஆளுங்க பெருசா, பின்னால போகப்போக எறும்பு மாதிரி, ஒரே நிலக்காட்சிக்குள்ள முழுக் கதையும் ஓடுது, பாத்துட்டே இருக்கலாம்.

பிரச்சினை என்னன்னா, 1584-ல வெனிஸ்ல வந்த பதிப்புக்கு ஜிரோலமோ போர்ரோ செதுக்குனாரு, அதைப் பாத்து காப்பியடிச்சுதான் 1591-ல லண்டன்ல ஹாரிங்டன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்புக்கும் படம் போட்டாங்க. ரெண்டுமே செம்புத்தகடு.

உயரம் சுமார் 19 செ.மீ., ஓரம் தகட்டுத் தடம் (தகடு பேப்பர்ல அழுந்துன கோடு) வரைக்கும் வெட்டியிருக்கு. லென்ஸ்ல பாத்தேன், புள்ளி எதுவும் இல்ல, சுத்தமான கோடுதான், அதனால புள்ளி புள்ளியா அச்சடிக்கிற இந்தக்கால பிரிண்ட் இல்ல. பின்பக்க எழுத்து இத்தாலியனா இங்கிலீஷான்னு பாத்தா முடிஞ்சிரும், ஆனா எவனோ தடி அட்டையில ஒட்டி வச்சிருக்கான், வெளிச்சத்துல காட்டுனாலும் ஒண்ணும் தெரியல. நெட்ல இருக்கிற ஸ்கேன் எல்லாம் மங்கல். கடைக்காரர் "பழசு சார்"னு முடிச்சிட்டாரு. தண்ணியில ஊற வைக்க பயமா இருக்கு.

அட்டையப் பிரிக்காம, முன்பக்கத்த மட்டும் வச்சு போர்ரோவோடதா லண்டன் காப்பியான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?